வேட்பாளர் சிரிக்கும் தோரணம்

யோவான் திருநாளுக்கு இன்னும் நாலு நாள்.
கசிம்பா தெருவின் உண்டியலில் பன்னிரண்டு ரெயால்.
நூல்கண்டு வாங்கியாயிற்று,
மிச்சத்துக்கு ஒரு பாக்கெட் நிலக்கடலை.
ஆகவே வண்ணத்தாள் கிடையாது என்று அறிவித்தேன்.
பொருளாளர் நான்தான்.
மருந்துக்கடைக் கல்லாவில் உட்காருகிறவள் என்பதால்
என் தலையில் வந்து விடிந்த பதவி.

ஜிசேல்டா வீட்டுப் பரணில் கிடந்தது
போன தேர்தல்.
நாலு கட்டு நோட்டீஸ், பிரிக்காமல்.
வீடு வீடாகக் கொடுக்கச் சொல்லிக் கூலி தந்தார்களாம்.
கூலி வந்த அன்றே முதுகுவலியும் வந்துவிட்டது அவளுக்கு.
வழவழத் தாள், மாம்பழ மஞ்சள்,
நடுவில் ஒரு மீசை, ஒரு சிரிப்பு,
அடியில் ‘தண்ணீர் வரும்’ என்று ஒரு வரி.

நடைபாதையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டோம்.
மரவள்ளி மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினேன்.
முன்னால் இறக்கினால் கூழ்,
இன்னொரு கொதி விட்டால் பசை.
சட்டிக்குள் விரல் விட்டு நக்கிப் பார்த்து
உப்பு கேட்டான் எவால்டோ.

தாளை நாலாய் மடித்து
கீழ்விளிம்பில் ஒரு கூம்பு வெட்டு.
பிரித்தால் நாலு கொடி,
ஒவ்வொன்றுக்கும் இரட்டைவால் குருவியின் வால்.
காலடியில் குவிந்த முக்கோணங்களில் எல்லாம்
அதே முகவாய்.
ஒருவன் முகவாயை ஆயிரம் தடவை வெட்டினால்
கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன்.
கட்டைவிரல்தான் வீங்கியது.

தாள் தீர்ந்தபோது
பல்பொருள் அங்காடியின் தள்ளுபடி விலைகள் வந்தன,
கோழித்தொடை, சலவைத்தூள்.
அதற்கப்புறம் என் மின்சார ரசீதுகள்.
கட்டியவை மட்டும்.
கட்டாததை ஆணியிலேயே விட்டுவிட்டேன்.

எல்லாம் சரி, நூலுக்கு இரண்டு முனை.
ஒன்று என் ஜன்னல் கம்பி.
இன்னொன்று எதிர்மாடி, லிண்டால்வா வீடு.
அவளும் நானும் பேசி இரண்டு ஜூன் ஆகிறது.
தண்ணீர் லாரியின் குழாயை முதலில் பிடித்தது யார் என்பது வழக்கு.
நான்தான் பிடித்தேன்.

முனையில் பழைய செருப்பைக் கட்டி
வீசினான் எவால்டோ.
நேராகப் போய் விழுந்தது
அவள் காயப்போட்ட வெள்ளை விரிப்பில்.
வந்தாள். செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
அவிழ்த்துக் கீழே போட்டாள் செருப்பை.
நூலைப் போடவில்லை.
இழுத்துக் கம்பியில் இரண்டு முடிச்சு போட்டுவிட்டு
“தாழ்வாக இருக்கிறது,
கேஸ் லாரி இழுத்துக்கொண்டு போகப்போகிறது” என்றாள்
எவால்டோவிடம்,
எனக்குக் கேட்கிற குரலில்.

மறுநாள் காலை எட்டரைக்கு
கேஸ் லாரி இழுத்துக்கொண்டு போனது.
மூன்று சரம்.
சந்தை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாராம் வேட்பாளர்,
சிலிண்டர்களுக்குப் பின்னால்.
தேர்தலின்போதுகூட இவ்வளவு தூரம் வந்ததில்லை என்றாள் ஜிசேல்டா.
(ஜெயித்தவர்தான்.)

மறுபடி வெட்டி, மறுபடி ஒட்டி,
ஏணி போட்டு உயரத்தில் கட்டினோம்.
லிண்டால்வாவின் முடிச்சு மட்டும்
ஏற்கெனவே ஒரு முழம் மேலே ஏறியிருந்தது.

திருநாள் இரவு.
வாசலுக்கு வாசல் தீ.
சோளம் வெடித்தது, அக்கார்டியன் மூச்சு வாங்கியது,
புகைக்கு மேலே படபடத்தன
கோழித்தொடையும் மீசையும் என் மார்ச் மாத மின்சாரமும்.
காசில்லாத தோரணம் என்று
பக்கத்துத் தெருக்காரன் ஒருவனும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

பதினொன்றுக்குப் பிடித்தது மழை.
தீ அணைந்தது, ஆட்கள் சிதறினார்கள்.
கொடிகளின் வாலுக்கு வால் சொட்டியது.
மாடியில் லிண்டால்வா
வாளியைக் கம்பிக்கு அடியில் நகர்த்தும் ஓசை.
நானும் என் வாளியை வெளியே வைத்தேன்.

இரவெல்லாம் பசை இளகி
ஒன்றொன்றாய் உதிர்ந்திருக்க வேண்டும்.
விடிந்து பார்த்தால்
கால்வாளித் தண்ணீரில் மல்லாந்து
சிரித்தபடி மிதக்கிறார்.
எடுத்து எறிந்துவிட்டு
அதில் தரையைக் கழுவினேன்.